பனி முதலில் உருகும் இடம்

பஹ்மன் 27

காலையில் ரோஜாக்களைக் கத்தரித்தேன். பதினொரு செடி. வெளிப்பக்கம் பார்த்த மொட்டுக்கு மேலே, சாய்வாக, ஒரே வெட்டு. கத்தரிக்க ஆன நேரத்தைவிட இதை எழுத ஆன நேரம் அதிகம். பரவாயில்லை. ரோஜாவை ஐம்பது வருடமாகத் தெரியும். எழுத்தைப் பதினாறு மாதமாகத்தான் தெரியும்.

நோட்டு தந்தது எங்கள் முதியோர் எழுத்தறிவு வகுப்பின் ஆசிரியை. தல்அத் கானும் என்று மரியாதையாகக் கூப்பிடுவோம். "தினமும் நாலு வரி எழுதுங்க ஆகா யதுல்லா. அழகா இருக்க வேண்டாம், உண்மையா இருந்தா போதும்" என்றார். என்னை ஆகா, அதாவது ஐயா, என்றுதான் கூப்பிடுவார். நாலு வரி எப்போதோ தாண்டிவிட்டது. கை வலிக்கிறது. சிரிப்பாகவும் வருகிறது.

மனைவி கௌகப் தேநீர் கொண்டுவந்தாள். நாற்பத்தாறு வருடமாக எனக்கு வந்த ஒவ்வொரு கடிதத்தையும் அவள்தான் படித்துச் சொன்னாள். இப்போது நான் எழுதுவதை எட்டிப் பார்த்தாள். "நாக்கை உள்ளே வைங்க, மை பட்டுடப் போகுது."

பஹ்மன் 28

புல்தரையை வாரினேன். காய்ந்த புல் மூன்று சாக்கு. வடக்குச் சுவர் ஓரம் பாசி இருக்கிறது, அதற்கு மணல் வேண்டும். புது வருடத்துக்கு, நவ்ரூஸுக்கு, இன்னும் முப்பத்திரண்டு நாள். நகராட்சிப் பூங்கா வேலையில் இருந்தபோது இந்தப் பஹ்மன் மாதத்தில் கஸ்வீன் நகரத்துப் புல் முழுவதையும் இப்படித்தான் எழுப்புவோம். முப்பத்தொரு வருடம். சம்பளத் தாளில் கட்டைவிரல் வைத்தேன். விதை மூட்டையை வாசனையால் அடையாளம் கண்டேன். இனி மூட்டையில் உள்ளதைப் படிக்கலாம்.

பஹ்மன் 30

இரவில் இரண்டு விரல் பனி பெய்திருக்கிறது. காலையில் முற்றம் முழுவதும் வெள்ளை. நடுவில் மட்டும் ஒரு வட்டம், ஈரமாய், பச்சையாய். அங்கே எப்போதும் பனி முதலில் உருகும்.

வருடா வருடம் வரும் வட்டம்தான். வருடா வருடம் கௌகப் எழுந்து வருவதற்குள் துடைப்பத்தை எடுத்துச் சுற்றியுள்ள பனியையும் கூட்டிவிடுவேன். இன்றும் கூட்டினேன். ஆனால் போன வருடம் அது சோற்றுத் தட்டு அளவு இருந்தது. இந்த வருடம் கார் சக்கரம் அளவு. நடுவில் குழிந்தும் இருக்கிறது.

ஏன் அங்கே உருகுகிறது என்று எனக்குத் தெரியும். இன்று எழுத மாட்டேன்.

எஸ்ஃபந்த் 2

வட்டம் அங்கேயே இருக்கிறது. வேறு எதுவும் இல்லை.

எஸ்ஃபந்த் 4

மகள் ஃபரங்கிஸ் வந்தாள். கையில் இனிப்புப் பெட்டி. பேத்தி பரஸ்தூவுக்கு நிக்காஹ் நாள் குறித்துவிட்டார்கள். ஃபர்வர்தீன் நான்கு, நவ்ரூஸின் நாலாம் நாள். மண்டபம் வேண்டாமாம்.

"உங்க புல்லு மேலதான் பாபா. அவ நடக்கப் பழகினது அங்கதானே. அறுபது நாற்காலி போடலாம்னு அளந்து பாத்தாச்சு. மணமக்கள் முன்னாடி வெக்கற கண்ணாடி, மெழுகுவத்தி, விரிப்பு எல்லாம் சரியா நடுவுல" என்றாள்.

நடுவுல.

கௌகப் கைதட்டினாள். நானும் சிரித்தேன். "ராஜா வீட்டுப் புல் மாதிரி ஆக்கிடறேன்" என்றேன். என் வாய் அதை எப்படிச் சொன்னது?

எஸ்ஃபந்த் 5

உண்மையாக இருந்தால் போதும் என்றார் தல்அத் கானும். சரி. எழுதுகிறேன். மூன்று தடவை பென்சில் சீவினேன்.

புல்லுக்கு அடியில் கிணறு இருக்கிறது.

குடிநீர்க் கிணறு இல்லை. சமையலறைத் தண்ணீரும் குளியல் தண்ணீரும் போய் மண்ணில் ஊற, என் மாமனார் காலத்தில் வெட்டிய கழிவுநீர்க் கிணறு. பதினான்கு மீட்டர் ஆழம். எங்கள் தெருவில் எல்லா வீட்டிலும் ஒன்று இருந்தது. பதினொரு வருடம் முன்பு நகரத்துக் கழிவுக் குழாய் தெருவுக்கு வந்தது. பழைய கிணறுகளை அடிவரை கல் போட்டு மூட வேண்டும் என்றார்கள். அந்த வாரம் கௌகப் தன் தங்கையோடு மஷ்ஹத் யாத்திரை போனாள். போகும்போது வாசலில் நின்று, "கிணறு வெட்டற சஃபரைக் கூப்பிட்டு நிரப்பிடுங்க. எனக்கு அதைப் பாத்தாலே பயம்" என்றாள்.

கூப்பிடப் போனேன். தெரு முழுக்கச் சஃபரைக் கேட்டிருந்தார்கள். மூன்று வாரம் ஆகும் என்றார். இலையுதிர் காலத்தின் முதல் மாதமான மெஹ்ர் நடந்துகொண்டிருந்தது. புல் விதைக்க அதுதான் மாதம். மூன்று வாரம் போனால் உறைபனி, பிறகு ஒரு வருடம் காத்திருக்க வேண்டும். கொட்டகையில் நல்ல விதை இரண்டு மூட்டை வைத்திருந்தேன். ஓய்வு பெற்ற முதல் இலையுதிர் காலம். ஊருக்கெல்லாம் புல் போட்டவனுக்குத் தன் வீட்டில் ஒரு சாண் புல் இல்லை.

கிணற்று வாய்மேல் நாலு பாப்ளர் மரக் கட்டைகளைக் குறுக்கே போட்டேன். அதன்மேல் கோழிக்கூண்டின் பழைய இரும்புக் கம்பிவலைக் கதவு. அதன்மேல் பிளாஸ்டிக் விரிப்பு. அதன்மேல் முழங்கால் உயரம் மண். விதைத்தேன்.

கௌகப் திரும்பி வந்தபோது பச்சை மயிர் மாதிரி முளைத்திருந்தது. பைகளைக் கீழே வைக்காமலேயே நின்று பார்த்தாள். கண் நிறைந்துவிட்டது அவளுக்கு. "கிணறு?" என்றாள். "நிரப்பியாச்சு" என்றேன்.

ஒரு சொல். பிறகு அதை எடுக்க முடியவில்லை. அடுத்த வாரம் சஃபரைக் கூப்பிடலாம் என்று நினைத்தேன், ஆனால் புல் வந்துவிட்டது. அடுத்த வருடம் என்று நினைத்தேன். புல் இன்னும் நன்றாக வந்துவிட்டது.

ஈரத்தில் பாப்ளர் பத்து வருடம்கூடத் தாங்காது. பூங்காவில் செடிக்கு முட்டுக் கொடுக்கக்கூட அதை வாங்க விட்டதில்லை நான்.

எஸ்ஃபந்த் 6

நேற்று எழுதியதைப் படித்தேன். என் கையெழுத்துதான். நோட்டை விதைப் பெட்டிக்குள் வைத்திருக்கிறேன்.

எஸ்ஃபந்த் 8

கௌகப் ரொட்டி வாங்கப் போன நேரம். ஏணியைப் புல்மேல் கிடத்தி, அதன்மேல் குப்புறப் படுத்து ஊர்ந்தேன். எழுபத்தோரு வயதில். கையில் நீளக் கம்பி. வட்டத்தின் நடுவில் வைத்து அழுத்தினேன். ஒரு சாண் மண். பிறகு மெத்தென்று ஏதோ. பிறகு ஒன்றுமே இல்லை. என் கை மட்டும் கீழே போனது.

கம்பியை வெளியே இழுத்தேன். நுனியில் காளான் வாசனை. அந்தத் துளை வழியாகக் காற்று வந்தது. வெதுவெதுப்பான காற்று, யாரோ வாயைத் திறந்து வைத்துக்கொண்டு தூங்குவதுபோல.

முழங்கால் உயரம் போட்ட மண் ஒரு சாணாகிவிட்டது. மீதி எங்கே போயிற்று? கீழே. கொஞ்சம் கொஞ்சமாகப் பதினொரு வருடமாய்ப் போய்க்கொண்டிருந்திருக்கிறது. அதன்மேல் நாங்கள் தர்பூசணி சாப்பிட்டோம்.

எஸ்ஃபந்த் 9

இன்று செய்ததை எழுத வெட்கமாக இருக்கிறது. மக்கிய எருவும் மணலும் சலித்துக் கலந்து, நீளப் பிடி வாரியால் தூரத்தில் நின்றே அந்தக் குழியை நிரவினேன். மட்டமாகிவிட்டது. வழவழவென்று. முப்பத்தொரு வருட வேலைத்திறனும் அதில் இருந்தது.

"கண்ணாடி மாதிரி இருக்கு" என்றாள் கௌகப்.

எஸ்ஃபந்த் 11

வட்டத்தைச் சுற்றிப் பூச்சட்டி வைத்தேன். கௌகப் எடுத்துவிட்டாள். "நாற்காலி போடற இடத்துல சட்டியா? அழகு பாக்கறீங்களா இல்ல வழி மறிக்கறீங்களா?" என்று கேட்டுக்கொண்டே நேராக நடுவை நோக்கி நடந்தாள். கத்திவிட்டேன். அவள் ஒரு காலைத் தூக்கியபடியே நின்றாள்.

"என்ன, பாம்பா?"

"விதை" என்றேன். "புது விதை போட்டிருக்கேன். மிதிக்கக் கூடாது."

முளை அடித்துக் கயிறு கட்டினேன். நாலு பக்கமும் மூன்று எட்டு. ஃபரங்கிஸ் தொலைபேசியில் கேட்டுச் சிரித்தாளாம், பாபா கயிறு கட்டிக் காவல் காக்கிறார், மாப்பிள்ளை வீட்டாரை நுழைவுச் சீட்டு வாங்கச் சொல்லலாமா என்று.

சிரிக்கட்டும். கயிற்றுக்கு உள்ளே யாரும் போகவில்லை. ஆனால் நிக்காஹ் அன்று கயிறு கட்ட முடியாது. என்ன செய்வேன்? விரிப்பை ஓரமாகப் போடச் சொல்லலாம். அறுபது பேரில் ஒருவர்கூட நடுவுக்கு வர மாட்டாரா? இனிமை பெருகட்டும் என்று தலைக்கு மேல் சர்க்கரைக் கட்டியைத் தேய்க்கப் பெண்கள் எல்லாரும் மணப்பெண்ணைச் சுற்றித்தானே நெருக்கிக்கொண்டு நிற்பார்கள்?

எஸ்ஃபந்த் 15

வகுப்பில் செய்தித்தாள் கொடுத்தார் தல்அத் கானும். யாருக்குப் பிடித்ததோ அதைப் படிக்கலாம். என் பக்கத்தில் ஒரு சின்னச் செய்தி. யார் உதவியும் இல்லாமல், விரல் வைத்துக்கூடப் படிக்காமல், வாழ்க்கையில் முதல் முறையாக ஒரு செய்தியை முழுதாகப் படித்தேன். தெற்கே ஒரு ஊரில், கார் துடைத்துக்கொண்டிருந்த ஒருவரின் காலடியில் முற்றம் உள்வாங்கியது. பழைய கிணறு. இரண்டு நாள் தோண்டினார்கள்.

"ஆகா யதுல்லா, சத்தமாப் படிங்க, எல்லாரும் கேக்கட்டும்" என்றார் கானும். கண்ணாடி கொண்டுவரவில்லை என்றேன். கண்ணாடி மூக்கின்மேல் இருந்தது.

எஸ்ஃபந்த் 16

தூக்கம் இல்லை. கௌகப் திரும்பிப் படுத்தாலும் கட்டை முறிவதுபோல் கேட்கிறது.

எஸ்ஃபந்த் 17

சஃபரைத் தேடிப் போனேன். சந்தைக்குப் பின்னால் தேநீர்க் கடையில் இருந்தார். முதுகு வளைந்திருக்கிறது, ஆனால் இன்னும் கிணற்றில் இறங்குகிறார். நான் பாதிதான் சொன்னேன். அவர் மீதியைப் புரிந்துகொண்டு கண்ணாடிக் குவளையைக் கீழே வைத்தார்.

"உங்க தெருவுல இருபத்திரண்டு கிணறு மூடினேன்பா. உன்னது மட்டும் இல்ல. நீ வேற ஆளைக் கூப்பிட்டிருப்பேன்னு நினைச்சேன். கொஞ்சம் கோவமும்தான்."

பிறகு அவர் சொன்னவை: வாய் சின்னது, அடியில் வயிறு இருக்கும். என் மாமனார் காலத்து ஆட்கள் அடியில் பக்கவாட்டில் அறை மாதிரி குடைவார்கள். எந்தப் பக்கம் என்று திறந்தால்தான் தெரியும். பூரா கல் போட வேண்டும். தள்ளுவண்டி புல்மேல்தான் போய்வர வேண்டும். புல் போய்விடும்.

"நவ்ரூஸ் முடிஞ்சு வரலாமா?" என்று கேட்டேன்.

"நான் எப்ப வேணா வருவேன். அது அதுவரைக்கும் இருக்குமான்னு என்னைக் கேக்காதே. வீட்ல சொல்லிட்டியா?"

இல்லை என்று தலையாட்டினேன்.

"அப்ப நான் எப்படி வர்றது? தெரியாம வந்து தெரியாமப் போறதுக்கு இது என்ன, பல்பு மாத்தற வேலையா?"

எஸ்ஃபந்த் 19

பருவத்தின் முதல் வெட்டு. உயரமாக வைத்து வெட்டினேன், கயிறு வரைக்கும். இந்த வருடம்போல் புல் வந்ததே இல்லை. தெருவில் போகிறவர்கள் கதவு இடுக்கில் பார்த்துவிட்டுப் போகிறார்கள்.

உண்மையாக இருந்தால் போதும். அப்படியானால் இதையும் எழுத வேண்டும். கௌகப்பின் முகத்துக்குப் பயப்படுகிறேன், சரி. மகளின் முகத்துக்குப் பயப்படுகிறேன், சரி. ஆனால் இன்னொன்றும் இருக்கிறது. அறுபது பேர் இதைப் பார்க்க வேண்டும் என்று எனக்கு ஆசை. பார்ப்பதற்கு முன்னால் இதைக் கிழிக்க மனமில்லை. அந்த மெஹ்ர் மாதம் செய்ததையேதான் மறுபடி செய்துகொண்டிருக்கிறேன். நாளை சொல்லிவிடுவேன்.

எஸ்ஃபந்த் 20

சொல்லவில்லை. விருந்தினர் வந்தார்கள்.

எஸ்ஃபந்த் 21

சொல்லவில்லை. விருந்தினர் வரவில்லை.

எஸ்ஃபந்த் 22

எழுத்து கோணலாக வருகிறது. வரட்டும்.

புது வருடத்துக்காக வீட்டை உலுக்கிச் சுத்தம் செய்யும் வாரம் இது. எல்லா வீட்டிலும் திரை, ஜன்னல், அலமாரி, கம்பளம். எங்கள் வீட்டுக் கம்பளங்களைச் செங்கல் தளத்தில்தான் கழுவுவோம். இந்த வருடம் ஃபரங்கிஸ் தன் வீட்டுக் கம்பளங்களையும் கொண்டுவருவாள் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. சொல்லியிருப்பார்கள். எனக்கு இப்போதெல்லாம் காதில் விழுவதில்லை.

வகுப்பு முடிந்து ரொட்டி வாங்கிக்கொண்டு பதினொரு மணிக்குக் கதவைத் திறந்தேன். தண்ணீர்ச் சத்தம். செங்கல் தளத்தில் ஃபரங்கிஸின் கம்பளங்கள். சுவர் ஓரம் என் முளைகளும் கயிறும், கட்டாகக் கட்டி வைத்திருந்தது. புல்லின் நடுவே எங்கள் பெரிய சிவப்புக் கம்பளம், மூன்றுக்கு நாலு மீட்டர், சொதசொதவென்று. அதன் நடுவில் கௌகப். ரப்பர் பூட்ஸ், பாவாடையைத் தூக்கிச் செருகியிருந்தாள். மரத் தள்ளுகட்டையால் தண்ணீரை வழித்துக்கொண்டிருந்தாள்.

"மூஞ்சிய அப்படி வெச்சுக்காதீங்க. உங்க விதை மேல கம்பளந்தான் கிடக்கு, கழுதை இல்ல" என்றாள்.

நான் தண்ணீரைப் பார்த்தேன். அவள் வழித்துத் தள்ளிய தண்ணீர் ஓரத்துக்கு ஓடாமல் கம்பளத்தின் நடுவில் நெய்த பூவுக்கே திரும்பி வந்தது. அவள் பூட்ஸைச் சுற்றித் தேங்கியது. கிண்ணத்தில் நிற்பதுபோல.

ஓடவும் முடியவில்லை, கத்தவும் முடியவில்லை. கத்தினால் அவள் குதிப்பாள். மெதுவாகச் சொன்னேன்.

"கௌகப். அசையாதே."

அவள் நிமிர்ந்தாள்.

"கிணறு நிரப்பல. அன்னிக்கு உன்கிட்ட பொய் சொன்னேன். வாய்மேல கட்டை போட்டு மூடினேன், கட்டை இத்துப் போச்சு. நீ அது மேல நிக்கற."

ஃபரங்கிஸ் கையில் குழாய் ஓடிக்கொண்டே இருந்தது. கௌகப் என்னைப் பார்த்தாள். பிறகு தன் காலைப் பார்த்தாள்.

"படு" என்றேன். "கையைக் காலை அகட்டி. மெதுவா."

அறுபத்தெட்டு வயதுப் பெண் ஈரக் கம்பளத்தில் குப்புறப் படுத்தாள். நானும் ஃபரங்கிஸும் கம்பளத்தின் ஓரத்தைச் சுருட்டி, செங்கல்மேல் காலை ஊன்றி இழுத்துப் பிடித்துக்கொண்டோம். முழங்கை முழங்கையாக அவள் வந்தாள். ஏதோ ஒரு இடத்தில் அவளுக்குக் கீழே கம்பளம் ஒரு விரல் இறங்கியது. எனக்குத் தெரிந்தது, அவளுக்கும் தெரிந்தது. கண்ணை மூடிக்கொண்டு மறுபடி ஊர்ந்தாள். கையெட்டும் தூரம் வந்ததும் அவள் மணிக்கட்டைப் பிடித்தேன்.

செங்கல்மேல் எழுந்து நின்றாள். கன்னத்தில் கம்பளத்தின் நெசவு பதிந்திருந்தது. என் கையிலிருந்து தன் மணிக்கட்டை எடுத்துக்கொண்டாள். உள்ளே போனாள்.

ஒன்றும் இடியவில்லை. கம்பளத்தைச் சுற்றிப் புல் பச்சையாக, நான் இப்போதுதான் பொய் சொல்கிறேன் என்பதுபோல் கிடந்தது. ரொட்டியை எங்கே போட்டேன் என்று தெரியவில்லை.

ஃபரங்கிஸ் குழாயை மூடினாள். "இங்கயா பாபா?" என்றாள். "பரஸ்தூவை இங்கயா உக்கார வெக்கப் பாத்தீங்க?"

எஸ்ஃபந்த் 23

சஃபர் இரண்டு ஆட்களோடு வந்தார். நானே போய்க் கூப்பிட்டேன்.

கம்பளத்தைக் கயிறு போட்டு இழுத்தார்கள். பலகை பரப்பி, சஃபர் இடுப்பில் கயிறு கட்டிக்கொண்டு புல்லை அறுத்தார். நாலு கட்டையில் மூன்று கையில் எடுத்ததும் அல்வா மாதிரி நசுங்கின. நாலாவது என் மணிக்கட்டுப் பருமன். எல்லாப் பாரத்தையும் கோழிக்கூண்டுக் கதவு தாங்கியிருக்கிறது. அதன் ஒரு ஓரம் கிணற்றுச் செங்கலில் இரண்டு விரல் அகலம்தான் உட்கார்ந்திருந்தது.

சஃபர் அந்த இரண்டு விரலை எனக்கு நீட்டிக் காட்டினார்.

கதவை எடுத்ததும் கறுப்பு. ஒரு கல்லைப் போட்டார். ஒன்று, இரண்டு என்று எண்ணுவதற்குள் சத்தம் வந்தது. விளக்கை இறக்கிப் பார்த்தார். வயிறு சமையலறைப் பக்கம் போகிறது.

அப்போது கௌகப் வெளியே வந்தாள். கையில் நாற்காலி. கிணற்றுக்குப் பத்தடி தள்ளிப் போட்டு உட்கார்ந்தாள். என் பக்கம் திரும்பாமல் ஃபரங்கிஸிடம் சொன்னாள்.

"உங்க அப்பாகிட்ட கேளு. பதினோரு வருஷம் நான் அங்க நின்னு சமைச்சேனே, கீழ என்ன இருக்குன்னு அவருக்குத் தெரியுமா?"

தெரியாது என்றேன். அது உண்மை. உண்மை இவ்வளவு மட்டமாகவும் இருக்கும் என்று நினைக்கவில்லை.

எஸ்ஃபந்த் 24

கல். சஃபர் கீழே இறங்கி வயிற்றுக்குள் கையால் அடுக்குகிறார். அவர் மேலே வரும்வரை நான் கிணற்று ஓரத்தை விட்டு நகரவில்லை. தள்ளுவண்டித் தடத்தில் புல் சேறாகிவிட்டது. வாசல் கதவிலிருந்து நடுவரை. கௌகப் நாற்காலியை விட்டு எழவில்லை. ஒவ்வொரு வண்டியையும் பார்க்கிறாள்.

எஸ்ஃபந்த் 26

நிரம்பியது. தண்ணீர் விட்டார்கள், மண் இறங்கியது, மறுபடி மண் போட்டார்கள், திமிசுக் கட்டையால் இடித்து இறுக்கினார்கள். "இப்ப இது மேல லாரி நிறுத்தலாம்" என்றார் சஃபர். போகும்போது கௌகப்பிடம் மட்டும் விடைபெற்றார்.

ஃபர்வர்தீன் 1

புது வருடம். எல்லாரையும் முத்தமிட்டேன். கௌகப் கன்னத்தைக் காட்டினாள். கண்ணைக் காட்டவில்லை.

ஃபர்வர்தீன் 4

நிக்காஹ் இரண்டு அறையிலும் செங்கல் தளத்திலுமாக நடந்தது. நெருக்கடி. மாப்பிள்ளையின் பெரியப்பா தேநீர்ச் சமோவார் பக்கத்தில் குந்தி உட்கார்ந்தார். மணமக்கள் தலைக்கு மேல் கௌகப்தான் முதலில் சர்க்கரைக் கட்டியைத் தேய்த்தாள்.

வந்தவர்கள் எல்லாரும் முற்றத்துச் சேற்றைப் பார்த்தார்கள். நான் மறைக்கவில்லை. கேட்டவர்களிடம் சொன்னேன். ஒவ்வொரு தடவையும் காது சூடாகியது. அதில் இரண்டு பேர் முகம் வெளுத்துத் தங்கள் வீட்டுக் கிணற்றைப் பற்றி என்னிடம் விசாரித்தார்கள்.

பரஸ்தூ வெள்ளை உடையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு என்னிடம் வந்தாள். மன்னிப்புக் கேட்க வாயைத் திறந்தேன். "பாபாஜூன், குழியில விழாம கல்யாணம் ஆயிடுச்சு. எத்தனை பேருக்கு அந்தக் கொடுப்பினை?" என்றாள். அவள் சிரித்த பிறகுதான் எனக்கு அழுகை வந்தது.

சாப்பாட்டின்போது என் தட்டில் சோற்றின் முறுகிய அடிப்பொருக்கு இருந்தது, எனக்குப் பிடித்தது. யார் வைத்தார்கள் என்று பார்க்கவில்லை.

ஃபர்வர்தீன் 10

கௌகப் இன்னும் சுவரிடமும் மகளிடமும்தான் பேசுகிறாள். இன்று மாலை தேநீர் வைத்துவிட்டுத் திரும்பியபோது, "உக்காரு, ஒண்ணு படிக்கணும்" என்றேன். விதைப் பெட்டியிலிருந்து நோட்டை எடுத்தேன்.

வாயால் சொன்னால் நான் சிரிப்பு சேர்த்துவிடுவேன், எனக்கே தெரியும். அதனால் எஸ்ஃபந்த் ஐந்தை எடுத்து, விரல் வைத்து, எழுதியபடியே படித்தேன். பிறகு பத்தொன்பது. நான் தடுக்கிய இடத்தில் அவள் எடுத்துக் கொடுக்கவில்லை, காத்திருந்தாள். முடித்ததும் தேநீர் ஆறியிருந்தது. ஆறிய தேநீரைக் கொட்டிவிட்டு வேறு ஊற்றினாள்.

ஃபர்வர்தீன் 13

இன்று ஊரில் யாரும் வீட்டில் இருக்க மாட்டார்கள். பதின்மூன்றாம் நாள், எல்லாரும் பச்சை தேடி வெளியே போய்விட்டார்கள். ஃபரங்கிஸ் கூப்பிட்டாள். கௌகப் முழங்கால் வலி என்று சொல்லிவிட்டாள்.

பத்து மணிக்கு அவள் நவ்ரூஸுக்கு முளைக்கவைத்த கோதுமைத் தட்டோடு முற்றத்துக்கு வந்தாள். சாண் உயரம் வளர்ந்து மஞ்சள் தட்ட ஆரம்பித்திருந்தது. வருடா வருடம் அதை ஓடையில் விடுவாள். இந்த வருடம் சேற்றுத் தடம் வழியாக நடந்து, நடுவில் இருக்கும் மொட்டை மண்ணின் ஓரத்தில் வந்து நின்றாள்.

"நீங்க போங்க முதல்ல" என்றாள்.

இருபது நாளுக்குப் பிறகு என்னிடம் நேராகச் சொன்னது.

சஃபர் லாரி நிறுத்தலாம் என்று சொன்ன இடம். கல்லை என் கண்ணால் பார்த்த இடம். ஆனாலும் கால் வரவில்லை. முதல் அடி வைத்தபோது காதுக்குள் அந்தக் கல் விழுந்த சத்தம். நடுவுக்குப் போய் நின்றேன்.

"குதிங்க."

"கௌகப், எனக்கு எழுபத்தொண்ணு."

"எனக்கு அறுபத்தெட்டு. நான் படுத்து ஊர்ந்தேன். குதிங்க."

குதித்தேன். செருப்பு கழன்றது.

"இன்னொரு தடவை."

குதித்தேன். பக்கத்து வீட்டு மாடியிலிருந்து யாராவது பார்த்திருந்தால் கிழவனுக்குப் புத்தி கெட்டுவிட்டது என்றிருப்பார்கள். மூன்றாவது முறை அவள் சொல்லாமலே குதித்தேன். மண் அசையவில்லை.

அவள் ஒரு காலை வைத்துப் பார்த்தாள். பிறகு மற்றக் காலையும். என் பக்கத்தில் வந்து நின்று என் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டாள். பிடி இறுக்கமாக இருந்தது. அவளும் பயந்துகொண்டுதான் இருந்தாள். பிறகு குனிந்து கோதுமை நாற்றை வேரோடு அந்த மண்மேல் வைத்தாள்.

"புல் எப்ப போடப் போறீங்க? கொட்டகையில விதை இருக்கே, இப்பவே தூவினாலும் முளைக்குமே" என்றாள். முகத்தைத் திருப்பிக்கொண்டு கேட்டாள்.

முளைக்கும்தான். வெயிலுக்கு முன் பிடித்துக்கொள்ளும்.

"கோடை போகட்டும், மெஹ்ர் மாசம் போடலாம்" என்றேன். "மண் உக்காரட்டும்."